எட்டாவது வரிசையில் ஐந்து வட்டங்கள்

எங்கள் ஊரில் மனசு சரியில்லாதவர்களைக் கோவிலுக்குக் கூட்டிவந்து, அம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் சக்கரத்தில் உட்கார வைப்பார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளியும் என்பது நம்பிக்கை. எனக்குச் சக்கரம் கூரியரில் வந்தது. அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியிருந்தாள். பெரிய சைஸில் ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வட்டத்துக்குள் வட்டம், வட்டத்தைச் சுற்றி இதழ்கள், இதழுக்குள் இன்னும் சின்ன இதழ்கள். கூடவே நாற்பத்தெட்டு கலர் பென்சில் உள்ள தகர டப்பா. இதற்கு மண்டலா என்று பெயராம். தினமும் அரைமணி நேரம் கலர் அடிக்க வேண்டும், யோசிக்காமல் கைக்கு வந்த கலரை எடுக்க வேண்டும், முடித்ததும் மனசில் தோன்றியதைப் பக்கத்துக்கு அடியில் ஒரு வரி எழுத வேண்டும் என்று போனில் சொன்னாள்.

நான் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். காம்பஸ் இல்லாமல் போர்டில் வட்டம் போட்டால் பையன்கள் கைதட்டுவார்கள். எனக்குப் போய் எல்.கே.ஜி. பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதை அனுப்பியிருக்கிறாளே என்று கோபம்தான் வந்தது. ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. அக்கா போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மே மாதம் நான் ரிட்டையர் ஆகியிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் நான் ஒருத்திதான். தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, போனில் பேசும்போது பாதியில் நிறுத்திவிடுகிறேன் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

பாதியில் நிறுத்தியதற்குக் காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் விசைத்தறி ஓடும். காலையிலிருந்து அந்தச் சத்தம்தான். எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. கரண்டு போனால்தான் அது இவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியும். அப்படிக் கரண்டு போகும் நேரத்தில் என் வீட்டு நடையில் ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து வைக்கும் சத்தம் கேட்கும். அக்கா கடைசி வருடம் அப்படித்தான் நடந்தாள். எனக்குப் பேய், பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

முதல் மூன்று பக்கத்தைப் பரீட்சை எழுதுவதுபோல் முடித்தேன். பன்னிரண்டு இதழ் என்றால் மூன்று கலர், நான்கு தடவை திரும்பி வர வேண்டும். கோட்டைத் தாண்டி ஒரு இம்மி வெளியே போகாது. அடியில் எழுத வேண்டிய வரியில் எனக்கு நானே பத்துக்கு ஒன்பது மார்க் போட்டுக்கொண்டேன். போட்டோ எடுத்து அனுப்பினால், இது பரீட்சை இல்லை சித்தி, யாரும் திருத்த மாட்டார்கள் என்று பதில் வந்தது. திருத்துவதற்கு ஆள் இல்லாத ஒரு வேலையை நான் அதுவரை செய்ததே இல்லை.

நாலாவது பக்கத்திலிருந்து பிடி கொஞ்சம் தளர்ந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னலோரம் உட்கார்வேன். கத்தரிப்பூ கலர், மாம்பழக் கலர், மயில் கழுத்துக் கலர் என்று சேலைக்கடையில் சொல்லும் பெயர்களையே பென்சில்களுக்கும் வைத்துக்கொண்டேன். கை பாட்டுக்குப் போகும். மூச்சு தானாக நிதானப்படும். அதில் ஒரு சுகம் இருந்தது, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் இருபது நிமிடம் தாண்டினால் என் இடது பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரியும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. காயத்துக்குப் போடும் மருந்து வாடை மட்டும் லேசாக அடிக்கும். உட்கார்ந்திருப்பவள் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. நான் முடிக்கும் இதழ்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அக்கா மகள் போன் செய்து, எல்லாப் பக்கத்திலும் ஏன் கொஞ்சம் வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் விடவில்லை என்றேன். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். விட்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஐந்து இதழ் என்று சொன்னால் கட்டுக்கதைபோல இருக்கும். ஒன்றில் மூன்று, ஒன்றில் ஏழு. ஆனால் நான்கு பக்கங்களில் வெளி வட்டத்தில், இடது பக்கம், அடுத்தடுத்து ஐந்து இதழ்கள் வெறுமனே கிடந்தன. அந்த ஐந்து எது என்று எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் கோவிலில் கொடி ஏறியதும் இங்கே ஆடிச்சுற்று தொடங்கிவிடும். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், பிரகாரத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் அவள் கால்வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்வார்கள். நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டு நடப்பவர்கள் நிறையப் பேர். அக்காவைப் புளியங்குடியில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் இல்லை. அவளுக்குச் சர்க்கரை. இடது பாதத்தின் அடியில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. காலைக் கீழே ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ கால் குணமாக நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டு, கொடியேற்றத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்காக நீ நடக்கிறாயா என்று கேட்டாள். வாய் உடனே சரி என்று சொல்லிவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாள். நாளுக்கு ஐம்பத்து நான்கு. எண்ணிக்கை தவறக் கூடாது என்று நானே ஒரு கோடு போடாத தாளில் காம்பஸ் வைத்து நூற்றெட்டுச் சின்ன வட்டங்கள் வரைந்தேன். வரிசைக்குப் பன்னிரண்டு, ஒன்பது வரிசை. அக்கா கிழக்குப் பிரகாரத்தில் தூணில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். என் கைப்பையில் இருந்த திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். அவள் அதைச் சின்னப் பிள்ளை மாதிரி, கோட்டுக்கு வெளியே போகாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினாள். இப்போது யோசித்தால், எங்கள் வீட்டில் முதலில் மண்டலா அடித்தவள் அவள்தான்.

சனிக்கிழமை ஒழுங்காக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்பத்தெட்டு முடித்து, எண்பத்தொன்பதாவது சுற்றுக்கு அவளைக் கடக்கும்போது பார்த்தேன். கண் மூடியிருந்தது. தலை தூணில் சாய்ந்திருந்தது. பேனா விரலிடுக்கில் நின்றது. வடக்குப் பிரகாரத்துக்கு வந்ததும் சுவரோரம் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். குதிகால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல் குளுகுளு என்று இருந்தது. கூட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் இருக்கும். நான் கெட்டிக்காரி, நேரத்தைச் சுற்றாக மாற்றத் தெரியும். எழுந்து, நடையில் கொஞ்சம் களைப்பைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே வந்தேன். அக்கா விழித்திருந்தாள்.

“எத்தனட்டி ஆச்சு?” என்றாள்.

“நீ அசந்துட்ட. தொண்ணூத்து நாலு.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். அப்புறம் தாளைக் குனிந்து பார்த்துப் பேனாவை எடுத்தாள். மீதி பதினாலையும் நான் ஒழுங்காக நடந்தேன். முடிந்ததும் அவள் தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் என் இரண்டு காலையும் இழுத்து மடியில் வைத்து, நல்லெண்ணெய் காய்ச்சி, குதிகாலில் போட்டுத் தேய்த்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. அவள் விரல் அழுத்திய இடம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

ஐப்பசியில் அவளுக்கு இரண்டு விரல் எடுத்தார்கள். மார்கழியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தை பிறந்து பத்து நாளில் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபோதும், அவளைக் குளிப்பாட்டியபோதும் என் மண்டைக்குள் ஒரே எண்ணம்தான். நூற்று மூன்று. நூற்று மூன்று. நான் படித்தவள், சர்க்கரைப் புண்ணுக்கும் பிரகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

வெள்ளை இதழ்களைக் கண்டுபிடித்த மறுநாள் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, இன்றைக்கு ஒன்று விடாமல் அடிப்பது என்று உட்கார்ந்தேன். கைக்கு வந்த கலரை எடு என்று அக்கா மகள் சொல்லியிருந்தாளே. சிவப்பு வந்தது. வெளி வட்டம் முழுக்கச் சிவப்பு. அடுத்த வட்டத்துக்கும் சிவப்பு. பென்சிலை அழுத்த அழுத்த இன்னும் அழுத்த வேண்டும்போல இருந்தது. மூன்றாவது வட்டத்தில் முனை ஒடிந்து தாள் கிழிந்தது. அப்போது எனக்குள்ளிருந்து வந்தது துக்கம் என்று நினைத்தேன். வந்தது கோபம். அதைப் பார்த்து நானே ஆடிப்போனேன்.

அக்கா கல்யாணம் ஆகிப் போனாள். அப்பா வாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார், அம்மா கண் தெரியாமல் நாலு வருடம். இரண்டு பேருக்கும் பீ மூத்திரம் அள்ளியது நான். அவள் வெள்ளிக்கிழமை ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, அம்மா தலையைத் தடவி ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். சொந்தக்காரர்கள் எல்லாம் மூத்தவளைப் பாசக்காரி என்பார்கள், என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். கடைசியில் அவள் நேர்ந்துகொண்ட வேண்டுதலுக்கும் என் கால்தானா? அந்த இருபத்தைந்து நிமிடமும் வடக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் நினைத்தது இதைத்தான். அவளுக்கு ஒன்று குறையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கிழிந்த பக்கத்துக்கு அடியில் எழுதினேன்: குதிகால் வலிக்கவில்லை.

அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து அனுப்பவில்லை.

தையில் முதல் வருடத் திதி வந்தது. புளியங்குடியில் எல்லாம் முடிந்த மறுநாள் அக்கா மகள் கோயம்புத்தூர் போகும் வழியில் என் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். மேஜையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். கிழிந்த பக்கத்தில் நின்றாள், வரியைப் படித்தாள், பக்கத்தைத் திருப்பினாள். தானும் இதேபோல் ஒரு புத்தகம் வாங்கி அடிப்பதாகச் சொன்னாள். உனக்கு எதற்கு என்றேன். அவள் பைக்குள் கை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தாள். இதைப் பார்த்துத்தான் மண்டலா வாங்கும் எண்ணமே வந்தது என்றாள். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதை எடுத்து எடுத்துப் பார்த்தாளாம்.

என் வட்டங்கள். ஒன்பது வரிசை. எல்லாம் சிவப்பு. எட்டாவது வரிசையின் நடுவில் மட்டும் ஐந்து வட்டங்கள் நீலமாக இருந்தன. நான் விரல் வைத்து எண்ணினேன். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, இரண்டு, மூன்று, நான்கு. அக்கா அந்த ஐந்தை அன்றைக்கு நிரப்பவே இல்லை. விட்டுவிட்டு அடுத்த வட்டத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

“அந்த நீலம் என் பேனா சித்தி,” என்றாள் அவள். “மறுநாள் திங்கக்கிழம நீங்க ஸ்கூலுக்குப் போயிட்டீங்க. அம்மா என்னயக் கூட்டிட்டுக் கோவிலுக்குப் போனா. கட்டுப் போட்ட காலோட அஞ்சு சுத்து நடந்தா. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. இது உங்க சித்திக்கு, அவ கால்வலி என்னோட போட்டும்னா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

நான் தாளிலிருந்து விரலை எடுத்தேன்.

“வீட்டுக்கு வந்து பாத்தா கட்டெல்லாம் ரத்தம். அந்த வாரமே புண்ணு கூடிட்டு. நான்தான் கையப் பிடிச்சு நடத்துனேன். ஒரு வார்த்த அதட்டிருந்தா உக்காந்திருப்பா. அத நினைக்காம ஒருநாள்கூட நான் தூங்குனது இல்ல சித்தி.”

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி, தலையைத் தடவி, பஸ் ஏற்றிவிடலாம். அவள் என்னை நல்ல சித்தி என்றே கடைசிவரை நினைப்பாள். இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது இந்த ஒருத்திதான். சொன்னால் இவளும் போய்விடுவாள். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் என் மனசில் ஓடியது. ஆனால் என் பாரத்தை ஒரு வருடமாக இந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அம்மா ஏற்கனவே சுமந்துவிட்டாள். மூன்றாவது ஆளாக நான் எழுந்திருக்க வேண்டாமா?

“நீ தடுக்க வேண்டிய சோலியே இல்ல மக்கா,” என்றேன். “அந்த அஞ்சும் நான் நடக்க வேண்டியது. நடக்கல. வடக்குப் பக்கம் உக்காந்திருந்துட்டு, நடந்தேன்னு உங்கம்மாட்ட பொய் சொன்னேன். எனக்குக் கால் வலிக்கவும் இல்ல. அவ மேல உள்ள ஆங்காரம்.”

அவள் என்னைப் பார்த்தாள். கிழிந்த பக்கத்தைப் பார்த்தாள். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள். காப்பித் தம்ளரை எடுத்துப்போய் அடுப்படியில் கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் போன் இல்லை. நான் விடாமல் கலர் அடித்தேன், அடித்ததை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வரும், பதில் வராது. மாசி, பங்குனி, சித்திரை அப்படியே போயிற்று. சொல்லிவிட்டால் இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து போய்விடுவாள் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. போகவில்லை. கரண்டு போனால் நடையில் அந்த இழுத்த காலடி கேட்கத்தான் செய்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பெல்லாம் அது கேட்டால் என்னைப் பிடிக்க வருவதுபோல இருக்கும். இப்போது அவளுக்கு வலிக்குமே என்று இருந்தது. ஒரு பக்கத்தில் அதையே எழுதினேன்: வலிக்குமே, உட்காரேன் அக்கா. பக்கங்களில் வெள்ளை விடுவது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. எண்ணிப் பார்க்கும் வழக்கத்தையே விட்டிருந்தேன்.

ஆனி கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது. ‘ஆடிக்கு வாரேன். நீங்க நடங்க. நான் எண்ணுதேன்.’

கொடி ஏறிய மூன்றாம் நாள் காலையில் போனோம். கிழக்குப் பிரகாரத்தில் அதே தூணில்தான் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தை நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துத் திருப்பி, வெறும் பக்கத்தில் ஐந்து வட்டம் போட்டாள். கையால் போட்டது, கோணல் மாணலாக இருந்தது. நான் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன்.

நடந்தேன். கல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. வடக்குப் பக்கம் வரும்போதெல்லாம் அந்தச் சுவரோரம் பார்க்கக் கூடாது என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். நிழல் அப்படியே இருந்தது. என் வயசில் ஒருத்தி உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தாள். பாவம், நிஜமாகவே வலிக்கிறதோ என்னவோ. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது சுற்று முடித்து அக்கா மகள் முன்னால் வந்து நின்றேன்.

“நாலுதான் ஆச்சு சித்தி,” என்றாள்.

முப்பத்தொரு வருடம் எண்ணச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஐந்து, அதில் சந்தேகமே இல்லை. தாளில் நாலு வட்டம்தான் சிவந்திருந்தது. அவள் கண் மூடியிருக்கவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி மக்கா,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.